வில்சன் மாஸ்டரிடம் ஒரு விஷயம் பேச வேண்டும்

குளிர் அறைக்குள் நின்றுகொண்டிருந்தேன். இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றி, கால்களைக் கொஞ்சம் அகட்டி, நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். எதிரே வெண்ணெய்ப் பெட்டிகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. மேல் வரிசைப் பெட்டி ஒன்றை மாஸ்டரின் முகமாகப் பாவித்துக்கொண்டு, “மாஸ்டர், உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்” என்றேன்.

வெண்ணெய் ஒன்றும் மறுத்துப் பேசவில்லை. எனக்குத் தைரியம் வந்தது.

“நீங்க செய்யது சரியில்ல மாஸ்டர். இனி இத இப்படியே விட முடியாது” என்றேன், இன்னும் கொஞ்சம் உரக்க. வாயிலிருந்து வெள்ளையாக ஆவி வந்தது. என் மிடுக்கு எனக்கே பிடித்திருந்தது.

அப்போது கதவு திறந்தது. தலையில் தொப்பியும் கையில் காலிக் கிண்ணமுமாக வில்சன் மாஸ்டர் நின்றார்.

“ஆருகிட்ட மேடம் பேசுதிய?”

“ஒண்ணுமில்ல மாஸ்டர். சும்மா.”

என் கைகள் இன்னும் இடுப்பிலேயே இருந்தன. எடுக்க மறந்துவிட்டேன். மாஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர் முகம் அப்படியே வாடிப்போனது.

“இடுப்பு பிடிச்சிருக்கா மேடம்? சொல்லப்பிடாதா? இந்தக் குளிருக்க உள்ள நின்னா பின்ன பிடிக்காம என்ன செய்யும்? மொதல்ல வெளிய வாங்க.”

கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டார். நான் இடுப்பைப் பிடித்தபடியே, கொஞ்சம் நொண்டவும் செய்து, வெளியே வந்தேன். மறுநாள் காலை அவர் மனைவி காய்ச்சிய தைலம் ஒரு குப்பி நிறைய என் மேசைக்கு வந்து சேர்ந்தது. மூடியைத் திறந்ததும் அலுவலகம் முழுக்கப் புன்னைக்காய் எண்ணெய் வாசம்.

இப்படித் தைலம் கொடுத்த மனிதரைக் கூப்பிட்டு வைத்து எப்படிக் கண்டிப்பது?

கேக்கில் இரண்டாவது வரி

போன வாரம் இந்தப் பத்தியில் நான் பில் கவுண்டரிலிருந்து மேனேஜர் நாற்காலிக்குப் போன கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, “நாற்காலி கிடைத்ததைச் சொன்னீர்கள், அதில் உட்கார்ந்தீர்களா இல்லையா?” என்று கேட்டிருக்கிறார். உட்கார்ந்தேன். ஆனால் நுனியில்தான்.

வடசேரி பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் எங்கள் பேக்கரி. பின்பக்கம் ரொட்டி சுடுகிற போரணை அடுப்பு, நடுவில் கேக் பகுதி, முன்னால் கடை. கேக் பகுதிக்கு வில்சன் மாஸ்டர்தான் ராஜா. வளைகுடா நாட்டு ஹோட்டல்களில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். நல்ல தடித்த உடம்பு. அந்தத் தடித்த விரல்களால் க்ரீமில் ரோஜாப்பூ வைத்தால் பறித்துத் தலையில் சூடலாம் போலிருக்கும். ஒரு கல்யாண வீட்டில் பெண்ணின் பெரியப்பா அதை நிஜப் பூ என்று மோந்து பார்த்து, மீசையில் க்ரீமோடு கடைசி வரை போட்டோவுக்கு நின்றார்.

அவர் வேலையில் குறை சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கேக்கில் எழுதச் சொன்னதை எழுதுவார். அதோடு நிறுத்தமாட்டார்.

“பேரும் ஹேப்பி பர்த்டேயும் மட்டும் எழுதினா அது கேக்கா மேடம்? ரேஷன் கார்டு போலல்லா இருக்கு” என்பார். அதனால் கீழே, சின்ன எழுத்தில், தன் சொந்தக் கையிருப்பிலிருந்து இரண்டாவது வரி ஒன்றைச் சேர்ப்பார்.

ஆரம்பத்தில் அது யாரையும் உறுத்தவில்லை. பள்ளிக்கூடப் பையனின் பிறந்தநாள் கேக்கில், ‘கணக்கில் கவனம் வை’ என்று எழுதினார். அவன் அம்மா ஆர்டர் கொடுக்கும்போது யாரிடமோ போனில் புலம்பியதைக் கேட்டிருக்கிறார். மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற ஒருவரின் கேக்கில், ‘இனி கரண்டு போனால் உங்களுக்கும் இருட்டுதான்’ என்று எழுதினார். அவர் கேக்கை வெட்டாமல் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள்.

ஒரு டாக்டர் தம்பதியின் கல்யாண நாளுக்கு, ‘விட்டுக்கொடுத்துப் போகவும்’ என்று எழுதி அனுப்பினார். மனைவிதான் எழுதச் சொல்லியிருக்கிறாள் என்று கணவரும், கணவர்தான் சொல்லியிருக்கிறார் என்று மனைவியும் நினைத்து, ஒரு வாரம் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. பிறகு இரண்டு பேரும் ஒன்றாகச் சேர்ந்து எங்கள் கடைக்கு வந்து சண்டை போட்டார்கள். “பாத்தியளா மேடம், சேந்துட்டாவ” என்றார் மாஸ்டர்.

இதில் சிக்கல் என்னவென்றால், சிலருக்கு அது பிடித்தும் இருந்தது. ஒரு பங்குச் சாமியாரின் பெயர்கொண்ட புனிதரின் திருவிழாவுக்குப் போன கேக்கில், ‘பிரசங்கம் சுருக்கமாக இருக்கட்டும்’ என்று எழுதியிருந்தார். பங்கு மக்கள் கை தட்டினார்களாம். அடுத்த வருஷமும் எங்கள் கடைக்கே ஆர்டர் வந்தது.

ஆனாலும் வாரத்துக்கு ஒரு புகாராவது வந்துகொண்டிருந்தது. எல்லாப் புகாரும் என் மேசையில்தான் வந்து விழும். முதலாளி என்னைப் பார்ப்பார். நான் மாஸ்டரைப் பார்ப்பேன். மாஸ்டர் என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

எனக்கு வராத சத்தம்

நான் பிறந்தது கடியப்பட்டணத்தில். எங்கள் கடற்கரையில் ஒருவர் குறையை இன்னொருவர் சொல்ல யாரும் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைப்பதில்லை. நின்ற இடத்திலிருந்தே சொல்வார்கள். ஊருக்கே கேட்கும். கேட்டவரும் அங்கிருந்தே பதில் சொல்வார். மத்தியானத்துக்குள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரே வள்ளத்தைக் கரையில் தள்ளிக்கொண்டிருப்பார்கள். என் அம்மா மீன் விற்றவள். அவள் ஒரு அதட்டல் போட்டால், அவள் அதட்டாத ஆட்களும் மடித்துக் கட்டிய லுங்கியை மரியாதையாக இறக்கிவிடுவார்கள்.

அந்தச் சத்தம் எனக்கு வராமல் போனதற்குக் காரணம் கான்வென்ட் விடுதி. சின்ன வயதிலேயே அங்கே சேர்த்துவிட்டார்கள். ‘ப்ளீஸ்’, ‘சாரி’, ‘தேங்க்யூ’ மூன்றையும் மூச்சு விடுவதுபோல் பழக்கிவிட்டார்கள். இன்றைக்கும் யாராவது என் காலை மிதித்தால் நான்தான் சாரி சொல்வேன்.

மேனேஜரான புதிதில் கவுண்டரில் நிற்கிற பெண் ஒருத்தி தினமும் பிந்தி வந்தாள். கண்டிக்கலாம் என்று கூப்பிட்டேன். “பஸ்ஸு கிட்டல்ல மேடம்” என்றாள். அவள் கண் கலங்குவதுபோல் இருந்தது. பேச்சின் முடிவில், “நீ என்ன செய்வே மக்கா, நான் வேணும்னா கடைய அரை மணிக்கூர் பிந்தித் திறக்கலாமான்னு கேட்டுப் பாக்கேன்” என்று நானே சொல்லியிருந்தேன். சொன்னதோடு விடாமல் முதலாளியிடம் கேட்கவும் செய்தேன்.

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். “ஷைனி, உங்களுக்கு ஒரு டிரெயினிங் வேணும்” என்றார்.

ரொட்டிக்கு நடுவில்

திருவனந்தபுரத்தில் ஒரு ஹோட்டல். வட்ட மேசைகள், வெள்ளை விரிப்பு, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். நகைக்கடன் கம்பெனி, ஆஸ்பத்திரி, துணிக்கடை என்று எல்லா இடத்திலிருந்தும் என்னைப்போல நாற்காலி நுனியில் உட்காருகிறவர்கள் வந்திருந்தார்கள். வகுப்பெடுத்தவர் இளைஞர். உடம்பைப் பிடிக்கிற மாதிரி கோட்டு போட்டிருந்தார்.

பலகையில் ஒரு சாண்ட்விச் வரைந்தார். மேல் ரொட்டி பாராட்டு. நடுவில் இருக்கிற மசாலா, நீங்கள் சொல்ல வேண்டிய குறை. கீழ் ரொட்டி மறுபடியும் பாராட்டு. “இப்படிக் கொடுத்தால் யாருக்கும் கசக்காது” என்றார். நான் பேக்கரிக்காரி. எனக்கு இது உடனே விளங்கிவிட்டது என்று நினைத்தேன்.

அப்புறம் ஜோடி ஜோடியாக நடித்துப் பழகச் சொன்னார். என் ஜோடி, மார்த்தாண்டத்திலிருந்து வந்த நகைக்கடன் மேனேஜர். அவர் பிந்தி வரும் ஊழியர். நான் கண்டிக்க வேண்டும். அவரும் பயந்த ஆள், நானும் பயந்த ஆள். நான் மேல் ரொட்டியை வைத்தேன். அவர் நன்றி சொன்னார். நான் கீழ் ரொட்டியை வைத்தேன். அவர் மறுபடி நன்றி சொன்னார். டீ இடைவேளையில் அவருக்கு என் பங்கு பிஸ்கட்டையும் கொடுத்தேன்.

கடைசியாக அந்த இளைஞர் ஒரு உத்தி சொன்னார். கஷ்டமான பேச்சுக்கு முன்னால் தனியிடத்தில் போய், கைகளை இடுப்பில் ஊன்றி, நெஞ்சை நிமிர்த்தி நின்றால் தன்னம்பிக்கை தானாக வரும். எங்கள் பேக்கரியில் தனியிடம் என்று சொன்னால் கழிவறையும் குளிர் அறையும்தான். கழிவறை வாசலில் எப்போதும் ஆள் நிற்கும்.

அப்படித்தான் வெண்ணெய்க்கு முன்னால் போய் நின்றது.

தைலம் வந்த மறுவாரம், வருகிறது வரட்டும் என்று மாஸ்டரைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தேன்.

“மாஸ்டர், உங்களுக்க ரோஜாப்பூ போல இந்த மாவட்டத்திலயே ஆரும் வைக்க முடியாது.”

“அய்யோ மேடம்.”

நடுப்பகுதி வந்தது. “இந்த ரெண்டாவது வரி... சில நேரம் கஸ்டமர்ஸ்... கொஞ்சம் பாத்து...” என்று மேசை மேலிருந்த பேனாவிடம் சொன்னேன். பிறகு வேகமாகக் கீழ் ரொட்டிக்குப் போய்விட்டேன். “ஆனா உங்களுக்க மனசு இருக்கே மாஸ்டர், அது தங்கம்.”

மாஸ்டர் எழுந்து நின்று நெஞ்சில் கை வைத்தார். வெளியே போய்ப் போரணைக்காரர் தொடங்கிப் பாத்திரம் கழுவுகிறவர் வரை ஒவ்வொருவரிடமும், “மேடம் என்னத் தனியா கூப்பிட்டுப் பாராட்டினாவ” என்று சொன்னார். அன்று மாலை ஒரு கேக்கில் இரண்டாவது வரிக்குக் கீழே மூன்றாவது வரியும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை

என் கணவர் ஜஸ்டின் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, மீன் குழம்பு அடுப்பில் கொதிக்கும்போது, “நீங்க வில்சன் மாஸ்டரா இருங்க, நான் பேசிப் பாக்கேன்” என்றேன்.

அவருக்கு இதெல்லாம் ரொம்பப் பிடிக்கும். துண்டை எடுத்துத் தலையில் தொப்பிபோல் கட்டினார். வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

“மாஸ்டர், நீங்க கேக்கில இஷ்டத்துக்கு எழுதது சரியில்ல.”

ஜஸ்டின் ஒன்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

“அதாவது, எழுதது தப்புன்னு சொல்லல்ல.”

அவர் தலை இன்னும் குனிந்தது.

“நல்ல எண்ணத்திலதான் எழுதுதிய. எனக்குத் தெரியாதா? விஷயம் என்னண்ணா... சாரமில்ல மாஸ்டர், விட்டுருங்க. நீங்க முகம் வாடாதிய. ரெண்டு நாள் லீவு எடுத்துட்டு வீட்டில இருந்துட்டு வாங்க.”

ஜஸ்டின் துண்டை அவிழ்த்து மடியில் போட்டார்.

“ஏட்டி, நான் அழக்கூட இல்லட்டி. ஒரு வார்த்தை மிண்டல்ல. சும்மா இருந்தேன். நீயா ஏறி, நீயா எறங்கி, லீவும் தந்துட்டே. அவன் மிண்டாம இருந்தா நீயும் மிண்டாம இரியேன்.”

“எப்படி இருக்க முடியும்? பாவமா இருக்காதா?”

“எனக்க வேன்ல பிள்ளையள் சத்தம் போட்டா, ஒரு வாட்டி சொல்லிட்டு ரோட்டப் பாப்பேன். அவ்வளவுதான். கொழம்பு அடி பிடிக்குது, பாரு.”

குழம்பு உண்மையாகவே அடி பிடித்திருந்தது.

ஷீபாவின் கேக்

அவள் வந்தது ஒரு மாலையில். ஆஸ்பத்திரி வேலை முடிந்து நேரே வந்திருந்தாள். நர்ஸ் உடுப்பின் மேல் ஒரு சால்வை. முப்பதைத் தாண்டிய வயது. நிச்சயத்துக்குக் கேக் வேண்டும் என்றாள். சாக்லேட் வேண்டாம், வெனிலா போதும்.

“எங்க ரெண்டு பேருக்க பேரு மட்டும் போதும் மேடம். ஷீபா, அனில். வேற ஒண்ணும் எழுதாண்டாம்.”

ஆர்டர் சீட்டில் அப்படியே எழுதினேன். உள்ளே போய் மாஸ்டரிடம் வாயாலும் சொன்னேன். அவர் கண்ணாடிக் கதவு வழியாக அவளைப் பார்த்தார். “மயிலாடிப் பிள்ளையாக்கும் இது. எனக்க பெண்டாட்டிக்க சித்தி மவளுக்க வீட்டுக்கு எதிர்வீடு” என்றார். அவர் குரலில் ஒரு இரக்கம் இருந்தது. நான் அப்போதே ஏதாவது செய்திருக்க வேண்டும். செய்யவில்லை.

ஷீபாவின் முதல் கல்யாணம் சில மாதங்களில் முறிந்து அவள் வீட்டுக்கே திரும்பி வந்திருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மாப்பிள்ளைக்கும் அவன் அப்பா அம்மாவுக்கும் எல்லாம் தெரியும். மற்ற சொந்தக்காரர்களுக்குச் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று இரண்டு வீட்டாரும் விட்டிருந்தார்கள்.

கேக் பெட்டியை மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் திறந்திருக்கிறார்கள். மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி, கண் நன்றாகத் தெரிகிற அத்தை, கீழே இருந்த சின்ன எழுத்தை உரக்க வாசித்திருக்கிறாள்.

‘இந்தத் தடவையாவது நிலைக்கட்டும்.’

மறுநாள் காலை ஷீபா போன் செய்தாள். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவள் நிறுத்தினாள்.

“நான் சத்தம் போடக் கூப்பிடல்ல மேடம். ஒண்ணு கேக்கணும். பேரு மட்டும் போதும்னு நான் சொன்னது ஓர்மை இருக்கா?”

“இருக்கு.”

“எழுதினவர்கிட்ட சொன்னியளா?”

“சொன்னேன்.”

“பின்ன?”

என் பதிலுக்குக் காத்திருந்துவிட்டு அவள் போனை வைத்தாள். நிச்சயம் நின்றுபோகவில்லை. ஆனால் பாதி மண்டபம் மீதி மண்டபத்திடம் விசாரித்துக்கொண்டிருக்க, அவள் மாலை முழுக்கப் போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அதைப் பிறகு கேள்விப்பட்டேன்.

முதலாளி முகம் சிவந்து வந்தார். “இன்னைக்கே அவன்கிட்ட பேசணும். கேக்கல்லண்ணா அனுப்பிரணும்.”

“நீங்களும் கூட இருங்க முதலாளி.”

“எனக்கு பிரஷர் இருக்குல்லா ஷைனி. நான் திருவனந்தபுரம் வரைக்கும் போணும்.” சொல்லி முடிப்பதற்குள் கார் கிளம்பிவிட்டது.

மூடிய கதவுக்குப் பின்னால்

அன்று நான் குளிர் அறைக்குப் போகவில்லை. இடுப்பில் கை வைக்கவும் தோன்றவில்லை. என் குரல் எப்படி இருக்கும், என் முகம் எப்படி இருக்கும் என்பதெல்லாம் எங்கோ போய்விட்டது. காதில் அந்தப் ‘பின்ன’ மட்டும் இருந்தது.

மாஸ்டர் வந்து உட்கார்ந்தார். பாராட்டு எதிர்பார்த்துத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

“மாஸ்டர், ஷீபாவுக்க கேக்கில நீங்க எழுதின வரிய மண்டபத்தில எல்லார் முன்னயும் சத்தமா வாசிச்சிருக்காவ. அவளுக்க முதல் கல்யாணம் முறிஞ்சது அங்க பாதிப் பேருக்குத் தெரியாது. இப்ப தெரியும். அவ பேரு மட்டும் போதும்னு சொன்னா. நான் உங்ககிட்ட சொன்னேன். நீங்க கேக்கல்ல.”

அவ்வளவுதான். அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

அடுத்த அறையில் மாவு பிசைகிற இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. ஏலக்காய் வாசனை வந்தது. என் வாய்க்குள் ஆறுதல் வார்த்தைகள் வரிசையில் வந்து நின்றன: சாரமில்ல மாஸ்டர், நல்ல எண்ணந்தான் மாஸ்டர், வருத்தப்படாதிய மாஸ்டர். ஒவ்வொன்றையும் விழுங்கினேன். மாத்திரையைத் தண்ணீர் இல்லாமல் விழுங்குவது போலிருந்தது.

அவர் மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார்.

“நான் அத ஒரு ஜெபம்போலயாக்கும் மேடம் எழுதினது.”

“எனக்குத் தெரியும். அவளுக்கு அது ஜெபமாட்டு கேக்கல்ல.”

மாஸ்டர் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார்.

“இதுக்கு முன்ன ஆரும் என்கிட்ட ஒண்ணும் சொன்னதில்லியே மேடம்.”

“நான் சொன்னேன் மாஸ்டர்.”

“எப்ப?”

“ரோஜாப்பூ நல்லாருக்குன்னு சொன்னதுக்கும், மனசு தங்கம்னு சொன்னதுக்கும் நடுவில.”

மாஸ்டர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

“அதுக்கு நடுவில நீங்க இருமினது போலல்லா இருந்து.”

சிரிப்பு வந்தது. அதையும் விழுங்கினேன். “இப்ப நல்லா கேக்குதுல்லா? இனி சீட்டில உள்ளத மட்டும் எழுதணும். ஒரு வார்த்தை கூடினாலும் உங்கள கேக்குக்க பக்கத்தில விடமாட்டேன். ரொட்டிக்கு மாத்திருவேன்.”

“ரொட்டிக்கா?”

க்ரீம் மாஸ்டரை ரொட்டிப் பகுதிக்கு அனுப்புவது என்றால் கதாநாயகனைத் திரை இழுக்கச் சொல்வது மாதிரி. அவர் கண்களில் பயம் தெரிந்தது. ‘சும்மா சொன்னேன்’ என்பது என் நாக்கின் நுனி வரை வந்தது. ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்தேன்.

அவர் தொப்பியைக் கையில் பிடித்தபடியே வெளியே போனார். கதவு மூடியது. ஒரு பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தேன்.

மறுநாள் காலையில் மாஸ்டர் வேலைக்கு வரவில்லை. போரணைக்காரர் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். கவுண்டர் பெண், தினமும் பிந்தி வருகிற அந்தப் பெண், அன்று நேரத்துக்கு வந்து, நான் ஒரு ஆளைக் கொன்றுவிட்டதுபோல் என்னைப் பார்த்தாள். போனை எடுத்து அவர் நம்பரை அழுத்துவதும் வைப்பதுமாக இருந்தேன்.

மத்தியானம் மாஸ்டர் வந்தார். சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, பெந்தெகொஸ்து கூட்டத்துக்குப் போகிறவர் மாதிரி இருந்தார்.

“அந்தப் பிள்ளைக்க வீட்டுக்குப் போணும் மேடம். தனியாப் போகப் பயமாட்டு இருக்கு. கூட வருவியளா?”

ஷீபாவுக்குப் போன் செய்து கேட்டேன். “வாங்க” என்றாள்.

மயிலாடியில்

பஸ்ஸை விட்டு இறங்கியதும் கல் கொத்துகிற சத்தம். வழியோரச் செடிகளின் இலையெல்லாம் கல்தூள் படிந்து வெளுத்திருந்தது. பாதி முடிந்த சிலைகள் வரிசையாக நின்றன. மாஸ்டர் கையில் ஒரு கேக் பெட்டி. காலையில் வீட்டிலேயே செய்திருக்கிறார். அதனால்தான் வேலைக்கு வரவில்லை.

ஷீபா நாற்காலிகளை எடுத்துப் போட்டாள். மாஸ்டர் உட்காரவில்லை.

“மக்கா, எனக்குத் தப்பு பற்றிட்டு. மன்னிக்கணும்.”

“நீங்க எனக்கு நல்லது நினைச்சுதான் எழுதினியன்னு தெரியும் அண்ணே” என்றாள் அவள். “ஆனா எனக்க கதைய எப்ப, ஆருகிட்ட சொல்லணும்னு நான்லா தீர்மானிக்கணும்? நீங்க அத க்ரீமில எழுதி மண்டபத்துக்கு அனுப்பிட்டிய.”

மாஸ்டர் அழுதார். பெரிய உடம்பு குலுங்க அழுதார். அவள் சமாதானம் சொல்லவில்லை. உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்தாள். அவர் அழுது முடிக்கும் வரைக்கும் டம்ளரை நீட்டியபடி நின்றாள். எனக்கு ஒரு பயிற்சி வகுப்பும் வேண்டாம், இந்தப் பெண்ணின் பக்கத்தில் ஒரு வாரம் உட்கார்ந்திருந்தால் போதும் என்று தோன்றியது.

பிறகு பெட்டியைத் திறந்தாள். வெள்ளைக் கேக். ஓரத்தில் சின்னச் சின்ன ரோஜாக்கள். நடுவில் ஒன்றும் இல்லை.

“இதில ஒண்ணும் எழுதல்லியே?”

“நீங்க ஒண்ணும் சொல்லல்லியே மக்கா.”

அப்போதுதான் அவள் முகத்தில் சிரிப்பு போல ஒன்று வந்தது. ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டாள். நன்றாக இருக்கிறது என்றாள். அந்த நல்ல நேரத்தைப் பார்த்து, “கல்யாணக் கேக்கு நம்ம கடையில...” என்று நான் மெல்லத் தொடங்கினேன்.

“இல்ல மேடம். அது வேற கடையில சொல்லியாச்சு.”

“எந்தக் கடை?” என்றார் மாஸ்டர்.

“கோட்டாறில.”

“அங்கயா? அவனுக்கு ஐசிங்கு...”

நான் அவரைப் பார்த்தேன். பார்க்க மட்டும்தான் செய்தேன். மாஸ்டர் திறந்த வாயில் டீயை ஊற்றிக்கொண்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில், “நான் ஒண்ணும் சொல்லல்லியே மேடம்” என்றார்.

“சொல்லல்ல மாஸ்டர்.”

“சொல்லணும்போல இருந்து.”

“தெரியும்.”

சீட்டில் உள்ளது மட்டும்

அதற்குப் பிறகு மாஸ்டர் சீட்டைத் தாண்டியதில்லை. சீட்டில் ‘ஹேப்பி பர்த்டே’ என்பதில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தால், அவரும் அந்த எழுத்தை விட்டே எழுதினார். அதற்கு ஒரு முறை பேச வேண்டியிருந்தது. இந்தத் தடவை நான் நின்றுகொண்டே, நடக்கும் வழியில் பேசிவிட்டேன்.

பங்குச் சாமியார் மட்டும் குறைபட்டுக்கொண்டார். திருவிழாக் கேக்கில் வெறும் வாழ்த்துதான் இருக்கிறது, மக்கள் ஏமாந்துவிட்டார்கள் என்றார். “சீட்டில எழுதித் தாங்க ஃபாதர், எழுதுதேன்” என்றார் மாஸ்டர். தன் பிரசங்கத்தைத் தானே குறை சொல்லி எழுதித்தர சாமியாருக்கு மனம் வரவில்லை.

முதலாளி திருவனந்தபுரத்திலிருந்து திரும்பிய அன்று, என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார்.

“பேசிட்டியளா?”

“பேசிட்டேன்.”

“அழுதானா?”

“இங்க அழல்ல.”

“கத்தினானா?”

“இல்ல.”

எதிர் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். நுனியில். அதை நான் கவனித்தேன். மேசையிலிருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்து மூடினார்.

“இல்ல ஷைனி... நம்ம தக்கலைக் கடைய எனக்க மச்சான் பாக்காருல்லா. பதினொரு மணிக்குத்தான் கடைக்கு வாறாராம். வந்தாலும் போனுதானாம். நீங்க இப்ப இதில நல்லா தேறியிருக்கிய. ஒரு வார்த்தை அவர்கிட்ட...”

“அவரு உங்களுக்க மச்சான் முதலாளி. அது நீங்கதான் சொல்லணும்.”

சொன்ன பிறகு எனக்கே வியப்பாக இருந்தது. சாரி என்று சேர்க்கவில்லை. ப்ளீஸும் இல்லை. முதலாளி மின்விசிறியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார். நான் பில்களை அடுக்கத் தொடங்கினேன்.

கடைசியில் பெருமூச்சு விட்டுப் போனை எடுத்தார். எழுந்து நின்றார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். நம்பரை அழுத்தினார். அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள் என்பது முதலாளியின் முதுகு நிமிர்ந்ததில் தெரிந்தது.

“மச்சான், நான்தான். உங்ககிட்ட முக்கியமாட்டு ஒரு காரியம் சொல்லணும்.”

நான் அடுக்குவதை நிறுத்தினேன். நல்ல தொடக்கம். குரலும் திடமாக இருந்தது. முதலாளியின் நெற்றியில் ஒரு துளி வியர்வை புறப்பட்டு, கண்ணாடிச் சட்டத்தில் வந்து நின்றது.

“அது வந்து மச்சான்...” என்றார். “சாப்பிட்டாச்சா?”